இணையத்தில் இருக்கும் படத்தைப் பிரிண்ட் போடுவது எப்படி?

"கல்யாண போட்டோ எங்கே?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "நெட்ல இருக்கு", "டிரைவ்ல இருக்கு", "லிங்க் அனுப்புறேன்" இப்படித்தான் பதில் வரும். ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டுகிற வீடு குறைந்துவிட்டது. தப்பில்லை. ஆனால் அந்த லிங்க்கில் இருக்கும் படத்தை ஒருநாள் காகிதத்தில் எடுக்க வேண்டி வரும். அப்போதுதான் சிக்கல் தெரியும். திரையில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்ட்டில் மங்கலாக வரும். ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கும். சில சமயம் படமே அங்கே இருக்காது.

இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்க்கலாம் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

குன்றத்தூரில் இந்தக் கேள்விக்கு ஒரு எடை உண்டு

நான் இருப்பது குன்றத்தூர். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் போய்த் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்தார்கள். அந்த வாரம் கரையோர வீடுகளில் நனைந்தவற்றில் பீரோ, ஃபிரிட்ஜ், பத்திரம் எல்லாம் கணக்கில் வந்தன. போட்டோ ஆல்பம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வீட்டில் அப்படி இரண்டு ஆல்பம் கூழாகிப் போயின. ஒன்று மகள் கல்யாணம், இன்னொன்று இறந்துபோன கணவரின் பழைய படங்கள். பிறகு மகள் தரப்பு உறவினர்கள் முகநூலில் ஏற்றியிருந்த படங்களைத் தேடித்தேடி எடுத்தார்கள். கல்யாணத்தில் பாதி திரும்பி வந்தது. கணவர் படம் ஒன்றே ஒன்று கிடைத்தது, அதுவும் ஒரு கூட்டத்தின் ஓரத்தில். அதைப் பெரிதாக்கி பிரேம் போட முடியுமா என்று கேட்டார். "முடியும்" என்றோ "முடியாது" என்றோ சும்மா சொல்லிவிட முடியாது. அதற்குப் பதில் ஒரு கணக்கில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை கம்பெனி வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்கள். தென் மாவட்டத்துக்காரர்களும் உண்டு, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர்களும் உண்டு. அவர்கள் குடும்பப் படம் முழுக்க ஒரு போனுக்குள்தான். போன் தொலைந்தால், பாஸ்வேர்டு மறந்தால், அம்மா முகம் போச்சு.

பிக்சல் கணக்கு

டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன கோலம் மாதிரி. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒரு படம் 1800 × 1200 என்றால் அகலத்தில் 1800 கட்டம், உயரத்தில் 1200 கட்டம்.

காகிதத்தில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் பிரிண்ட் தெளிவாக இருக்கும் என்பது போட்டோ லேப்களில் பொதுவாகச் சொல்லும் அளவு. இந்த 300 எங்கிருந்து வந்தது? சாதாரணக் கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு அளவுக்கு நெருங்கிய இரண்டு புள்ளிகளைத்தான் தனித்தனியாகப் பிரித்தறியும். ஓர் அடி தூரத்தில் கையில் பிடித்துப் பார்க்கும் படத்தில் அந்தக் கோணம் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில் அப்படிச் சுமார் 290 புள்ளிகள் அடங்கும். அதைத்தான் 300 என்று முழுமையாக்கிச் சொல்கிறோம்.

இதை வைத்துக் கணக்குப் போடலாம்.

4×6 அங்குலத்துக்கு 1200 × 1800 பிக்சல் வேண்டும்.
5×7 அங்குலத்துக்கு 1500 × 2100.
ஏ4 தாளுக்கு 2480 × 3508.
8×12 அங்குலத்துக்கு 2400 × 3600.
12×18 அங்குலத்துக்கு 3600 × 5400.

சுவரில் மாட்டும் படத்தை யாரும் ஓர் அடி தூரத்தில் நின்று பார்ப்பதில்லை. மூன்று அடி தள்ளி நின்றால் அங்குலத்துக்கு 100 பிக்சலே கண்ணுக்குப் போதும். ஆனாலும் யாராவது கிட்டே போய்ப் பார்ப்பார்கள் என்பதால் 12×18-க்கு 150 முதல் 200 வரை வைத்துக்கொள்வது நல்லது. ரோட்டோரம் நிற்கும் பிளக்ஸ் பேனரில் அங்குலத்துக்கு 20, 30 பிக்சல்தான் இருக்கும், தூரத்திலிருந்து பார்ப்பதால் குறை தெரியாது. ஒரே போட்டோ பேனரில் நன்றாக இருந்து கையடக்கப் படத்தில் மங்கலாக வருவது இதனால்தான்.

அந்த அம்மாவின் கணவர் படத்துக்கும் இதே கணக்குதான். கூட்டப் படத்தில் அவர் முகமும் தோளும் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் 300 × 400 பிக்சல் வந்தது. அங்குலத்துக்கு 300 வீதம் என்றால் பாஸ்போர்ட் சைஸுக்கும் கொஞ்சம் குறைவு. 150 வீதம் என்றால் 2 × 2.7 அங்குலம். ஆக, பூஜை அறையில் வைக்கச் சின்னப் படம் வரும், சுவருக்குப் பெரிய படம் வராது.

"ஏஐ போட்டுப் பெரிசு பண்ணிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆனால் அந்த மென்பொருள், இல்லாத விவரத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. வேறு லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இங்கே இப்படி இருந்திருக்கலாம் என்று தானாக வரைகிறது. இலை, செங்கல், சேலைக் கரை என்றால் பரவாயில்லை. முகம் என்றால் கவனம். கண்ணும் உதடும் கூர்மையாக வரும், ஆனால் பார்த்தால் வேறொருவர் மாதிரி இருக்கும். அந்த அம்மாவுக்கும் அப்படி ஒன்று போட்டுக் காட்டினார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அவர் இல்லையே" என்று சொல்லிவிட்டார். சின்னப் படத்தையே பிரேம் போட்டு வைத்திருக்கிறார்.

நீங்கள் பார்ப்பது எந்தப் பிரதி?

இணைய கேலரியில் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் உண்டு. வரிசையாகத் தெரியும் சின்னப் படம் ஒன்று, தொட்டால் விரியும் நடுத்தரப் படம் ஒன்று, உள்ளே இருக்கும் மூலப்படம் ஒன்று. பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக முதல் இரண்டையும் தளமே செய்துகொள்கிறது. நாம் விரலை அழுத்திப் பிடித்து "சேமி" கொடுக்கும்போது பெரும்பாலும் கிடைப்பது நடுத்தரப் பிரதி. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது அதைவிட மோசம். 1080 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் படுக்கைவாட்டுப் படம் ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், மூலப்படம் 4000 பிக்சல் இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 1080தான்.

அதனால் "டவுன்லோடு" என்று தனியாக ஒரு பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும். விக்கிமீடியா காமன்ஸ் போன்ற தளங்களில் படத்துக்குக் கீழேயே மூலக்கோப்பு இத்தனை பிக்சல் என்று எழுதியிருக்கும்.

இறக்கியபின் கோப்பின் விவரத்தைத் திறந்து பிக்சல் எண்ணைப் பாருங்கள். எத்தனை எம்பி என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெறும் வானம் உள்ள பெரிய படம் சின்ன எம்பியில் அடங்கிவிடும்.

நாம் அதிகம் புழங்கும் இடங்களின் நிலவரம் இது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கும், 4×6-க்கு ஒப்பேறும், 8×12-க்குப் போதாது. 2023-இல் எச்டி என்று ஒரு வசதி வந்தது, அதிலும் ஓரளவு சுருக்கம் உண்டு. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மட்டுமே கோப்பு அப்படியே போகும். முகநூல் அதிகபட்சம் 2048 பிக்சல் வைத்துக்கொள்ளும், ஆரம்ப காலத்தில் ஏற்றிய படங்கள் 1000-க்கும் கீழே. கூகுள் போட்டோஸில் 'ஒரிஜினல்' என்று வைத்திருந்தால் மூலப்படம் அப்படியே இருக்கும். 'ஸ்டோரேஜ் சேவர்' என்றால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டது அந்த அளவுக்குச் சுருங்கும், கூடவே படம் கொஞ்சம் அழுத்தப்படும். வீட்டு உபயோகப் பிரிண்ட்டுக்கு அது தாராளம்.

தலை வெட்டுப்படுவது ஏன்?

போன் கேமராவின் படம் பொதுவாக 4:3 என்ற விகிதத்தில் இருக்கும். 4×6 தாள் 3:2. ஆறு அங்குல அகலத்தை நிரப்பும்போது படத்தின் உயரம் நாலரை அங்குலம் வரும். தாள் நாலு அங்குலம்தான். மீதி அரை அங்குலத்தை மிஷின் வெட்டிவிடும். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. குரூப் போட்டோவில் அது மேல் வரிசைக்காரர் தலையாகவோ கீழே உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் காலாகவோ இருக்கும்.

கடையில் கொடுக்கும்போது "முழுப் படமும் வரணும், ஓரத்துல வெள்ளை வந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே 3:2 விகிதத்தில் நீங்களே வெட்டிக் கொடுங்கள். எது போனால் பரவாயில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும், மிஷினுக்குத் தெரியாது.

நிறத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். திரை தானே ஒளிவிடுகிறது. காகிதம் அறை வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. போனில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துப் பார்த்துவிட்டு, பிரிண்ட் இருட்டா வந்திருக்கே என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான் வரும். அப்புறம், லேப் மிஷின் தானாக நிறத்தைத் 'திருத்தும்'. சாதாரணப் படத்துக்கு அது உதவி. பழுப்பேறிய பழைய படத்துக்கு அது தொந்தரவு, அந்தப் பழுப்பைக் கோளாறு என்று நினைத்து நீக்கப் பார்க்கும். "கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

கலர் ஜெராக்ஸும் போட்டோ பிரிண்ட்டும் ஒன்றல்ல. ஜெராக்ஸில் தூள் மை தாளின் மேல் உருகி ஒட்டுகிறது. லேபில் ஒளியுணர் தாளில் படம் விழுந்து, ரசாயனத்தில் கழுவி வருகிறது. நுணுக்கமான நிறமாற்றங்களும் ஆயுளும் இரண்டாவதில் அதிகம். நீண்ட நாள் வைக்கப் போகும் படம் என்றால் லேபுக்குப் போங்கள்.

நம் ஊர்ப் படங்கள் யாரிடம் இருக்கின்றன?

இதுவரை சொன்னது சொந்தப் படங்கள். பொது கேலரிகளிலும் நமக்கான படங்கள் ஏராளம்.

லின்னேயஸ் ட்ரைப் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் ஒரு கேப்டன் இருந்தார். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை விடாமல் எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். அவர் காலத்து முறையில் நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் பிரிண்ட், பெரிதாக்குவதெல்லாம் இல்லை. அதனால் பெரிய காகித நெகட்டிவ்களைச் சுமந்துகொண்டு அலைந்தார். 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவு என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார்.

ட்ரைப்பின் படங்கள் இன்று லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகங்களின் இணைய கேலரிகளில் இருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன்னிடம் உள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆக, 1858-இன் மதுரையை இறக்கி, குன்றத்தூரில் பிரிண்ட் போட்டு, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன. களவுபோன சிலைகளை இன்னார் கோயில் சிலை என்று நிரூபிக்க அந்தப் படங்கள் உதவியிருக்கின்றன. ஒரு பழைய படம் சாட்சியாகவும் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? விக்கிமீடியா காமன்ஸில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் ஏற்றிய படங்கள் உள்ளன. 2011–12-இல் தமிழ் விக்கிப்பீடியர்கள் இதற்காகவே ஓர் ஊடகப் போட்டி நடத்தினார்கள். சேக்கிழார் பிறந்த ஊர், குன்றின் மேல் முருகன் கோயில், அவர் எழுப்பிய திருநாகேசுவரம் என்று எடுக்க இங்கேயே எவ்வளவோ இருக்கிறது.

யாருடைய படம்?

பார்க்க முடிகிறது என்பதாலேயே பிரிண்ட் போட்டு விற்கலாம் என்று ஆகாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒரு புகைப்படத்தை எடுத்தவர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். காமன்ஸ் படங்களில் பெரும்பாலானவற்றை, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிரிண்ட்டின் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருக்கட்டும், அதுதான் அவருக்குக் கிடைக்கும் கூலி.

கல்யாண போட்டோ யாருக்குச் சொந்தம் என்று பலர் கேட்கிறார்கள். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே ஸ்டுடியோக்காரரிடம் மூலக்கோப்புகளைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். புக் பண்ணும்போதே பேசிவிட்டால் இன்னும் நல்லது.

கேலரியும் ஒருநாள் மூடும்

"நெட்ல இருக்கு, எங்க போகப்போகுது?" என்பவர்களுக்குச் சில தேதிகள். ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. பிகாசாவை 2016-இல் கூகுள் நிறுத்தியது. பிளிக்கர் 2018 நவம்பரில், இலவசக் கணக்குக்கு 1000 படம்தான், மிச்சத்தை அழிப்போம் என்று அறிவித்தது. கூகுள் போட்டோஸின் அளவில்லா இலவசம் 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. இரண்டு ஆண்டு யாரும் தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது இப்போது அவர்கள் விதி. இறந்துபோன ஒருவரின் கணக்கை யார் தொடப்போகிறார்கள்? பெரிய நிறுவனம் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன.

காகிதத்தை வெள்ளம் கொண்டுபோகும். கேலரியை ஒரு கம்பெனியின் முடிவு கொண்டுபோகும். இரண்டும் ஒரே நாளில் நடப்பது அபூர்வம். அதனால் இரண்டும் வேண்டும் என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். படம் ஒரு கேலரியில், ஒரு பிரதி வீட்டில் ஹார்ட் டிஸ்கிலோ பென்டிரைவிலோ, முக்கியமானவை காகிதத்தில். அந்தக் காகிதத்திலும் ஒரு செட் வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில்.

ஆயிரம் படத்தையும் போட வேண்டாம். வருஷத்துக்கு இருபது போதும். பின்பக்கம் பென்சிலால் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா மை ஊறும். ஆல்பத்தைத் தரையில் உள்ள அலமாரியில் வைக்காமல் பரண் உயரத்தில், ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் வையுங்கள்.

அப்படியும் நனைந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடாதீர்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு ஊறி இளகியிருக்கும், ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, தனித்தனியாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்புங்கள். படத்தின் முகத்தைத் துணியால் துடைக்கக் கூடாது. இரண்டு நாளுக்குள் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது என்றால் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் அந்த இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து, பிக்சல் எண்ணைப் பார்த்து, கடைக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.